மேற்கணக்குப் பிள்ளைகளுக்குப் பால்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டியில் கல்யாண மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லாமல் கெட்டம்பே வந்துவிட்டது, இறங்கு என்றேன். கெட்டம்பே வர இன்னும் இரண்டு பஸ் ஹோல்ட் இருந்தது. நீயும் கூடவே இறங்கி நடந்தாய். "அந்தக் கலஹா ரோட்டு வீட்ட நீங்களாவே கோர்ட்ல விட்டுக் குடுத்தீங்கன்னு மாமா சொல்றாரு, உண்மையாம்மா?" என்பதுதான் கேள்வி. நீ கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருக்கப்போகிறீர்கள் என்று பெண் வீட்டார் அன்று விசாரித்தது உன் மனதில் ஓடியிருக்கும். பல்லேகலயில் ஓர் அறையையும் ஒரு குசினியையும் வாடகைக்கு எடுத்து, வீடு தேடி அலைகிறவன் நீ. அந்த வீட்டில் பாதி எனக்கு வந்திருந்தால் அது உனக்குத்தான் வந்திருக்கும். அதனால் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. நேரில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், முப்பது வருடம் மற்றவர்களின் பேச்சை மொழிபெயர்த்தே சாப்பிட்டவள் நான். வாயால் சொன்னால் என் சொந்தக் கதையையும் அங்கங்கே நயமாக்கிவிடுவேன். எழுதினால் அது கொஞ்சம் குறையும். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், முக்கியமாக என் கூடப்பிறந்த உன் மாமாவுக்கு.

என் பெரியம்மாவை உனக்கு நினைவிருக்கும், என் அம்மாவின் அக்கா. பிள்ளை இல்லாதவர். கலஹாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் மேற்கணக்கில் புள்ளக்காம்பரா ஆயாவாக இருந்தவர். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறைதான் புள்ளக்காம்பரா. நீ தோட்டத்தில் வளராதவன் என்பதால் கணக்கு என்ற சொல்லையும் விளக்கிவிடுகிறேன். தோட்டத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் கணக்கு என்றுதான் பெயர். மேலே இருப்பது மேக்கணக்கு, கீழே இருப்பது கீழ்க்கணக்கு. அங்கே ஒருவரிடம் நீ எந்தக் கணக்கு என்று கேட்டால் எந்தப் பிரிவில் இருக்கிறாய் என்று அர்த்தம். மலையை விட்டு இறங்கி கண்டி டவுனுக்கு வந்தால் இந்த அர்த்தம் யாருக்கும் தெரியாது. இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது.

பெரியம்மாவின் புருஷன் லொறி ஓட்டியவர். இரண்டு பேரும் சேர்ந்து கலஹா ரோட்டில் எட்டுப் பேர்ச்சஸ் அளவில் ஒரு துண்டுக் காணியும் ஒரு சின்ன வீடும் வாங்கினார்கள். அவர் போன பிறகு பெரியம்மா பின்னறையில் இருந்துகொண்டு முன் பக்கத்தை வாடகைக்கு விட்டார். எனக்கோ மாமாவுக்கோ தெரியாமல் ஒரு நொத்தாரிசிடம் போய் மரண சாசனமும் எழுதிவைத்தார். வீட்டை விற்கக்கூடாது, வாடகையில் மேக்கணக்கு புள்ளக்காம்பரா புள்ளைகளுக்குப் பால் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். அதை நிறைவேற்றும் பொறுப்பைப் பக்கத்துப் பலசரக்குக் கடை முஸ்லிம் நானாவிடம் கொடுத்தார். எங்கள் பேர் அதில் எந்த இடத்திலும் இல்லை. நொத்தாரிசு எழுத்தில் மரியாதை பார்க்கிறவர். மேக்கணக்கு என்று பெரியம்மா சொன்னதை மேற்கணக்கு என்றும், புள்ளக்காம்பராவைப் பிள்ளைகளின் காம்பரா என்றும் திருத்தி எழுதிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் திருத்தினார்.

பெரியம்மா இறந்தபோது நீ கட்டாரில் வேலையில் இருந்தாய். சாசனம் தமிழில் இருந்ததால் கண்டி நீதிமன்றத்துக்கு அதைச் சிங்களத்தில் கொடுக்க வேண்டும். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்றாலும், வாரிசு என்பதால் நான் செய்யக்கூடாது. வேறொருவர் செய்தார். வடக்கிலிருந்து வந்து கண்டியிலேயே நரைத்தவர், என்னைவிட நல்ல தமிழ் அவருக்கு. அவர் தோட்டத்துக்குப் போனதே இல்லை. மேற்கணக்கு என்றால் மேற்படி கணக்கு, அதாவது மேலே சொல்லப்பட்ட கணக்கு என்றும், காம்பரா என்றால் படுக்கையறை என்றும் எடுத்துக்கொண்டார். மேலே சொல்லப்பட்ட கணக்கில் உள்ள பிள்ளைகளின் படுக்கையறைக்குப் பால் என்று சிங்களத்தில் ஒரு வாசகம் வந்தது. மேலே எந்தக் கணக்கும் சொல்லப்படவில்லை. பெரியம்மாவுக்குப் பிள்ளையும் இல்லை, அதனால் பிள்ளைகளின் படுக்கையறையும் இல்லை. மாமா பிடித்திருந்த சட்டத்தரணி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, இது அர்த்தமே இல்லாத வாசகம், நிற்காது, வீடு வாரிசுகளான உங்கள் இரண்டு பேருக்கும் வந்துவிடும் என்று சந்தோஷமாகச் சொன்னார். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

முதல் வரியை வாசித்தபோதே எனக்குப் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. வழக்கின் முதல் தவணையில் சொல்லவில்லை, இரண்டாம் தவணையிலும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பில் நீ ஒரு சிங்களச் சொல்லுக்குப் பிழையான அர்த்தம் எழுதினாய். பிழை என்று தெரியும், அவசரத்தில் விட்டுவிட்டேன் என்றாய். நான் பக்கத்தைக் கிழித்து மறுபடி எழுதவைத்தேன். தெரிந்தே விட்டால் அதற்குப் பேர் பிழை இல்லை, பொய் என்று சத்தம் போட்டேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாய். அந்தப் பக்கம் அந்த நாட்களில் அடிக்கடி ஞாபகம் வந்தது. வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டின் முன் அறையில் உனக்கு எந்தப் பக்கம் கட்டில் போடலாம் என்றுகூட யோசித்துவைத்திருந்தேன்.

மூன்றாம் தவணையில் அந்த மொழிபெயர்ப்பாளரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறதா என்று நானாவின் சட்டத்தரணி கேட்டார். அவர் கொஞ்சமும் தடுமாறாமல், கணக்கென்றால் கணக்குத்தான், வேறொன்றும் தனக்குத் தெரியாது என்றார். நேர்மையாகத்தான் சொன்னார். நானாவைக் கேட்டபோது அவருக்கு வாசகத்தை விளக்கத் தெரியவில்லை. "எனக்கு வூடும் வாணாம், வாடகயும் வாணாம். அந்த மனிசி நெனச்சது நடந்தாப் போதும்" என்று மட்டும் சொன்னார். அப்போது நீதிபதி தலையை நிமிர்த்தி, பின் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். எத்தனையோ வழக்குகளில் அவர் முன்னால் நின்றிருக்கிறேன். இத்தனை காலம் இந்த வேலை செய்திருக்கிறீர்கள், இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த மாமா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். நான் அதை இழுத்து எடுத்துக்கொண்டு போய் சத்தியம் செய்தேன், தெரியும் என்றேன். கணக்கு என்றால் தோட்டத்தில் என்ன, காம்பரா என்றால் என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். நானாகவே எழுந்து நியாயம் பேசினேன் என்று மாமா ஊரெல்லாம் சொல்கிறான். அந்தளவு பெருமை எனக்கு வேண்டாம். கேட்டதால்தான் சொன்னேன். கேட்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு நீ அந்த வீட்டில் இருந்திருப்பாய், இந்தக் கடிதமும் இருந்திருக்காது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. எங்கள் சட்டத்தரணி லேசுப்பட்டவர் இல்லை. சரி, கணக்கு என்றால் தோட்டப் பிரிவு என்றே வைத்துக்கொள்வோம், அந்த மேற்கணக்கு இப்போது எங்கே என்று கேட்டார். அது உண்மை. மேற்கணக்கு மூடிப் பல காலமாகிவிட்டது. மண் சரியத் தொடங்கியதும் குடும்பங்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். அவர்கள் குடியிருந்த லயங்கள் காலி, புள்ளக்காம்பராவின் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், உள்ளே மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது. இல்லாத அறைக்குப் பால் ஊற்ற முடியாது, ஆகவே வீடு வாரிசுகளுக்கே என்றார். மாமாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் நீதிமன்றம் என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமா அதை இன்றுவரை ஒரு சூழ்ச்சி என்றே நினைக்கிறான். தர்மத்துக்கு என்று ஒருவர் எழுதிவைத்தது பல காரணங்களால் நடக்காமல் போகும். எண்ணெய் ஊற்றச் சொன்ன மடம் ரோடு அகலமாக்கும்போது இடிபட்டிருக்கும். மருந்து வாங்கச் சொன்ன வியாதி ஊரிலேயே இல்லாமல் போயிருக்கும். அப்போது நீதிபதி ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். இறந்தவர் அந்த இடத்துக்கு மட்டும்தான் கொடுத்தாரா, இல்லை ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுத்து அதற்கு வழியாக அந்த இடத்தைச் சொன்னாரா? முதலாவது என்றால் இடம் போனதோடு தர்மமும் போயிற்று, சொத்து வாரிசுகளுக்குத் திரும்பும். இரண்டாவது என்றால் அவர் சொன்னதற்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு காரியத்தைத் தேடிப்பிடித்துக் கொடுப்பார்கள். நல்லதாக இருக்கிறது என்று நீதிபதி தன் இஷ்டத்துக்கு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது, பக்கத்தில் இருக்க வேண்டும். சட்டத்தரணிகள் இதற்கு ஒரு பழைய பிரெஞ்சுப் பெயர் சொல்வார்கள். நான் அதை எப்போதும் 'இயன்றவரை கிட்ட' என்றே மொழிபெயர்ப்பேன். கிட்ட என்பது கோர்ட்டுத் தமிழ் இல்லை என்று ஒருவர் திருத்தப் பார்த்தார். நான் விடவில்லை.

ஆகவே பெரியம்மா அந்த அறைக்குக் கொடுத்தாரா, பிள்ளைகளுக்குக் கொடுத்தாரா என்பதுதான் மிச்சம். அதைச் சொல்ல அவரை அறிந்த ஆள் நான்தான். எங்கள் சட்டத்தரணியே என்னிடம் கேட்டார், மிகவும் இதமாகக் கேட்டார். உங்கள் பெரியம்மா வாழ்நாள் முழுவதும் அந்த அறையில்தானே வேலை செய்தார், அந்த அறை மீது அவருக்குத் தனிப் பாசம் இருந்திருக்கும் அல்லவா என்றார். ஆம் என்றால் போதும். அது பொய்யும் இல்லை. அந்த அறையின் சுவரைத் தன் செலவில் சுண்ணாம்பு அடித்தவர் அவர். ஆம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. நான் ஆம் என்று சொல்லவில்லை. அப்புறம் எனக்கு இத்தனை வருடம் சோறு போட்ட சிங்களம் வாயில் வரவில்லை, தோட்டத்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் அவசரமாக எழுந்து வந்தார்.

நான் சொன்னது இதுதான். அந்தக் காலத்தில் தாயின் பேர் தோட்டத்து வேலையாட்களின் பதிவான செக்ரோலில் இருந்தால்தான் பிள்ளைக்குப் புள்ளக்காம்பராவில் பால். நோயில் படுத்தவள், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவள், கீழ்க்கணக்கிலிருந்து புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்தவள், இவர்களுடைய பிள்ளைகளுக்குப் பேர் இல்லை. பெரியம்மா பேர் இல்லாத பிள்ளைகளுக்கும் ஊற்றினார். தோட்டம் கொடுக்கிற பால்மா அதே அளவுதான், கேத்தலில் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி எல்லோருக்கும் வரும்படி செய்வார். எந்தக் கணக்குப் பிள்ளை என்று கேட்கமாட்டார், கை கழுவினாயா என்று மட்டும் கேட்பார். எனக்கு ஐந்து வயது, மாமாவுக்கு மூன்று. அந்த வருடம் எங்கள் அம்மா நெஞ்சு வருத்தம் வந்து நோயில் படுத்து, செக்ரோலில் பேர் வெட்டப்பட்டிருந்தது. நாங்களும் பேர் இல்லாத பிள்ளைகள்தான். சட்டத்தரணிக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. அப்படியென்றால் அவர் தன் சொந்தத் தங்கச்சி பிள்ளைகள் என்பதால்தானே ஊற்றினார் என்றார்.

"எல்லாப் புள்ளைக்கும் ஊத்துனாங்க. எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஊத்தல" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி ஏன் என்று கேட்டார். அம்மா அதையே பெரியம்மாவிடம் கேட்டுச் சண்டை போட்டதை நான் பாயில் படுத்தபடி கேட்டிருக்கிறேன். தன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால் யாராவது தோட்டத்துத் தொரையிடம் போய்ச் சொல்வார்கள், அதோடு பேர் இல்லாத எல்லாப் பிள்ளைக்கும் நின்றுவிடும் என்று பெரியம்மா சொன்னார். அந்த வருடம் முழுவதும் நானும் மாமாவும் மற்றப் பிள்ளைகள் குடித்து முடிக்கும்வரை கதவுப்பக்கம் திரும்பி நின்றோம். அவர் அப்படித்தான் நிற்கச் சொல்லியிருந்தார். இதைச் சொல்லி முடித்தபோது அந்தப் பிள்ளைப்பிராயக் கோபம் அப்படியே இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் நான் அவருக்குச் சாட்சி சொன்னேன். முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்கு என்னைப் பாராட்டாதே. இந்த இரண்டாவது பதிலை மட்டும் நானாக யோசித்துச் சொன்னேன், இதற்காக நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. பெரியம்மா நினைத்தது பிள்ளைகளின் பசியை, அறை அதற்கு வழி மாத்திரமே என்று நீதிபதி எழுதினார். மேற்கணக்குக் குடும்பங்கள் இறங்கிப்போன கீழ்க்கணக்கில் இப்போதுள்ள சிறுவர் நிலையத்துக்கு அந்தப் பால் போக வேண்டும் என்றார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார், பெயர் பதியப்பட்டிருந்தாலும் பதியப்படாவிட்டாலும் என்று. அது என் சாட்சியிலிருந்து எடுத்தது. வெளியே வாசலில் மாமா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அன்னைக்குப் பாலு, இன்னைக்கு வீடு. ஒனக்கு அவங்க மேல கோவமே வரலயாக்கா?" என்று கேட்டான். வருது என்றேன். அவன் திரும்பி பஸ் நிலையப் பக்கம் நடந்தான். அதற்குப் பிறகு இந்த ஏழு வருடமும் என் வீட்டுப் படி ஏறவில்லை.

உனக்கு அறிவுரை என்று சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் இருக்கிறது, அதையும் நான் பிழையாகச் செய்துதான் படித்தேன். உன் அப்பா போவதற்கு முன் உன்னை நீ அப்போது படித்த அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கவைக்கச் சொன்னார். நான் பிடிவாதமாக வைத்தேன். நீ அங்கே படாத பாடு பட்டாய், மாற்றச் சொல்லி இரண்டு முறை கெஞ்சினாய். அப்பாவின் கடைசிச் சொல் என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். அவர் அந்தக் கட்டடத்தைச் சொன்னாரா, உன் படிப்பைச் சொன்னாரா என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. நீதிபதி ஒரு காலையில் கேட்ட கேள்வி எனக்கு அத்தனை வருடம் வரவில்லை. நீயும் வரப்போகிறவளும் ஒருவருக்கொருவர் நிறையச் சொல்லிக்கொள்வீர்கள். இந்த வீடு வாங்குவோம், இந்த ஊரில்தான் இருப்போம், வருடத்துக்கு ஒருமுறை இங்கே போவோம் என்று. பாதி நடக்காது. நடக்காதபோது சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாமல், அது எதற்காகச் சொன்னது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பிறகு அதற்குக் கிட்ட எது இருக்கிறதோ அதைச் செய்யுங்கள். பல்லேகல அறையிலும் அதைச் செய்யலாம்.

தீர்ப்புக்குப் பிறகு ஒரு நாள் கலஹா பஸ் பிடித்துக் கீழ்க்கணக்குக்குப் போனேன். சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று மூன்று மொழியிலும் பலகை போட்டிருக்கிறார்கள். மூன்றையும் வாசித்துப் பார்த்தேன், பிழை இல்லை. ஆட்கள் இன்னும் புள்ளக்காம்பரா என்றுதான் சொல்கிறார்கள். அங்கே செல்வி என்று ஒரு பெண் பொறுப்பாக இருக்கிறாள். பத்து மணிக்குக் கேத்தலை இறக்கி வரிசையாகக் கோப்பைகளில் ஊற்றினாள். நான் யார் என்று அவளுக்குச் சொல்லவில்லை, தோட்டத்தைப் பார்க்க வந்தேன் என்றேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊற்றி முடித்துவிட்டு என்னிடமும் ஒரு கோப்பையை நீட்டினாள். "குடிங்கம்மா, நெறய இருக்கு" என்றாள். அறுபது வயதுப் பொம்பளை நான், கையில் கோப்பையோடு கதவுப்பக்கம் திரும்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். பிறகு குடித்தேன். சீனி கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அழைப்பிதழில் தாய்மாமன் பேரைப் போடுவதா என்று கேட்டாய். போடு. அச்சடித்து வந்ததும் நீயே கொண்டுபோய்க் கொடு, இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடு. வீட்டைப் பற்றி அவனோடு வாதாடாதே, அவன் கோபம் நியாயமான கோபம். அவன் கல்யாணத்துக்கு வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் ஒரு காலையில் என்னோடு கலஹா பஸ்ஸில் ஏறச் சொல். கேத்தல் பத்து மணிக்கு இறங்கும். அவனுக்கு அப்போது மூன்று வயது, மறந்திருப்பான் என்று நீ நினைப்பாய். அவன் மறக்கவில்லை. அங்கே இப்போது பேர் கேட்பதில்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

அம்மா